கைப்பேசியில் ஒரு கணக்கேடு



மாத ஊதியம் பெறுவோரின் இல்லங்களில் மாதந்தோறும் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "வந்த பணம் எங்கே போயிற்று?" என்பதே அது. ஊதாரித்தனம் செய்தோம் என்றும் சொல்ல முடிவதில்லை. சேமித்தோம் என்றும் சொல்ல முடிவதில்லை. ஒன்றாம் தேதி வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி மனத்தைக் குளிரச் செய்கின்றது. இருபதாம் தேதிக்குப் பின் வரும் குறுஞ்செய்திகளைத் திறந்து பார்க்கவே தயக்கம் ஏற்படுகின்றது.

முன்பெல்லாம் நம் உம்மாமார் அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் பணத்தைப் பிரித்து வைத்தனர். பால்காரருக்கு ஒன்று, பள்ளிக் கட்டணத்திற்கு ஒன்று, பெருநாளுக்கு ஒன்று என்று முடிச்சுகள் இருந்தன. ஒரு முடிச்சை அவிழ்த்து மற்றொன்றுக்குச் செலவிடும்போது கை தயங்கும். அந்தத் தயக்கமே அவர்களுடைய கணக்கேடாக இருந்தது. 2016இல் யூபிஐ முறை அறிமுகமான பிறகு, பத்து ரூபாய்த் தேநீருக்கும் கைப்பேசியை நீட்டுகின்றோம். கடைக்காரரின் ஒலிப்பெட்டி தொகையை உரக்கச் சொல்கின்றது; நம் செவியில் அது விழுவதில்லை. வசதி பெரிதே. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கையை விட்டுத் தாள் நீங்கும்போது இருந்த உணர்வு மட்டும் எங்கோ மறைந்துவிட்டது.

என்னிடம் சிறு வயதில் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் இன்று சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகின்றார். அவரும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து, வேலைக்குச் செல்வோர் எளிதில் வரவு செலவு பார்ப்பதற்கான செயலி ஒன்றை வடிவமைக்கத் தொடங்கியுள்ளனர். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, "ஹஸ்ரத், இதில் ஜகாத் கணக்கை எப்படிச் சேர்ப்பது என்று மட்டும் சொல்லித் தாருங்கள்" என்று கேட்டார். ஜகாத்தில் தொடங்கிய பேச்சு, இஷா தொழுகைக்குப் பின் பல இரவுகள் நீண்டது. கணினி நுட்பம் அவருடைய துறை. குடும்பங்களின் பணச் சிக்கல்களோ மத்ரஸா வாசலுக்கு அன்றாடம் வருபவை. அவ்விரண்டும் கலந்த அப்பேச்சின் சாரத்தை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். செயலி வைத்திருப்போருக்கு மட்டுமன்றி, நாற்பது பக்க நோட்டில் கணக்கு எழுதுவோருக்கும் இது பொருந்தும்.

முதற்பக்கத்தில் ஒரே எண்

அவர் தாளில் வரைந்து கொண்டு வந்த முதற்பக்கத்தில் வட்டப் படங்களும் வண்ணக் கோடுகளும் நிறைந்திருந்தன. செலவினங்கள் முப்பதுக்கும் மேல் பிரிக்கப்பட்டிருந்தன. "வேலை முடிந்து, இரண்டு பேருந்து மாறி, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் ஒருவர் இதில் எதைப் பார்ப்பார்?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "ஒன்றையும் பார்க்கமாட்டார், ஹஸ்ரத்" என்று சிரித்தார்.

கணக்கு எழுதத் தொடங்குவோர் பலர் மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிடுவதை நாம் கண்டிருக்கின்றோம். சோம்பல் மட்டும் அதற்குக் காரணமன்று. எழுதுவதற்கு அதிக நேரம் பிடித்தால், களைத்த மனிதன் அதை நாளைக்குத் தள்ளிப் போடுவான். ஒரு நாள் விட்டால் மறுநாள் இரண்டு நாள் கணக்கு. ஒரு வாரம் விட்டால் ஏடே மூடப்பட்டுவிடும். ஆகவே தொகையை எழுத ஒரு தொடுதல், இனத்தைக் காட்ட ஒரு தொடுதல், அத்துடன் முடிந்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. இனங்களும் ஏழெட்டுக்கு மேல் வேண்டாம். அவையும் மளிகை, மீன்-கறி, மருந்து, பயணம், பெற்றோருக்கு, பிள்ளைகளுக்கு, சதகா என்று நம் வீட்டில் வழங்கும் சொற்களிலேயே இருக்கட்டும். எழுதத் தெரியாத மூதாட்டியும் "மீன் இருநூறு" என்று வாயால் சொன்னால் பதிவாக வேண்டும்.

முதற்பக்கத்தில் ஒரே ஓர் எண் இருந்தால் போதும் என்பது எங்கள் இருவருக்கும் உடன்பாடாயிற்று. அந்த எண் எது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகின்றேன். ஒருவருடைய மாத ஊதியம் ரூ. 45,000 என்று கொள்வோம். வீட்டு வாடகை 11,000. கடன் தவணை 9,000. ஊரிலுள்ள பெற்றோருக்கு 5,000. ஆண்டுக்கு 48,000 ஆகும் பள்ளிக் கட்டணத்தின் மாதப் பங்கு 4,000. பெருநாள், குர்பானி, வண்டிக் காப்பீடு, இரு மாதத்திற்கு ஒருமுறை வரும் மின்கட்டணம் ஆகியவற்றுக்காக 2,500. மொத்தம் 31,500. எஞ்சுவது 13,500 மட்டுமே. முப்பது நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ரூ. 450. அவருடைய வங்கிக் கணக்கு ஒன்றாம் தேதி 45,000 என்று காட்டுகின்றது. உண்மையில் அவர் கையாளத்தக்கது 450 ரூபாய். இவ்விரு எண்களுக்கும் இடையில்தான் நம் குடும்பங்களின் கண்ணீர் இருக்கின்றது.

முதல் நாளிலேயே அவர் 1,320 ரூபாய் செலவிட்டுவிட்டால், மீதமுள்ள 29 நாட்களுக்கு நாளொன்றுக்கு 420 என்று செயலி காட்டும். அதட்டுவதில்லை, சிவப்பு நிறத்தில் எச்சரிப்பதும் இல்லை. "நாளை 420" என்று மென்மையாகச் சொல்லிவிட்டு நின்றுகொள்ளும். குத்திக் காட்டும் ஆசிரியரிடம் மாணவன் இரண்டாம் முறை வரமாட்டான் என்பதை என் பணியிலிருந்தே அறிவேன்.

வங்கிக் குறுஞ்செய்திகளைச் செயலியே படித்துக் கணக்கு எழுதிக் கொள்ளும் முறையும் உண்டு. அதை வேண்டாம் என்றே நான் சொன்னேன். நம் குறுஞ்செய்திகளில் குடும்ப இரகசியங்களும் இருக்கின்றன. மேலும், "இன்னாருக்கு 300 ரூபாய்" என்பதைக் குறுஞ்செய்தி அறியும். அது மருந்துக்கா, பலகாரத்திற்கா என்பதை அறியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் விரலால் "பலகாரம் 300" என்று எழுதும் அந்தக் கணத்தில் மனிதன் தன்னைத் தானே விசாரித்துக் கொள்கின்றான். அந்த விசாரணையை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால் கணக்கினால் விளையும் பயனே போய்விடும்.

இரண்டு கேள்விகள்

மறுமையில் மனிதனிடம் அவனுடைய செல்வத்தைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். எவ்வழியில் ஈட்டினாய் என்பது ஒன்று. எவ்வழியில் செலவிட்டாய் என்பது மற்றொன்று. சந்தையில் உள்ள செயலிகள் பெரும்பாலும் இரண்டாம் கேள்வியை மட்டுமே கேட்கின்றன. வரவு என்பது அவற்றுக்கு வெறும் தொகை.

நமக்கு அது போதாது. சேமிப்புக் கணக்கில் வங்கி சேர்க்கும் வட்டியை எடுத்துக் கொள்ளுங்கள். அது வரவில் கலந்தவுடன் நம் பணம்போல் தோன்றுகின்றது. நற்கூலியை எதிர்பாராமல் தேவையுள்ளோருக்குக் கொடுத்து, அதனைத் தம் பொருளிலிருந்து நீக்கிவிடுமாறு மார்க்க அறிஞர்கள் பலர் வழிகாட்டுகின்றனர். எனவே அதற்குத் தனிப் பத்தி வேண்டும். அந்தத் தொகை "இன்று செலவிடத்தக்கது" என்ற எண்ணில் ஒருபோதும் சேரலாகாது.

இன்னொன்று, மனைவியின் ஊதியம். கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் இல்லங்கள் இன்று பெருகிவிட்டன. இருவரின் வருமானத்தையும் ஒரே குவியலாகக் கொட்டுவதே இத்தகைய செயலிகளில் வழக்கம். மாணவரும் அவ்வாறே வரைந்திருந்தார். ஆண்கள் ஈட்டியது ஆண்களுக்கு, பெண்கள் ஈட்டியது பெண்களுக்கு என்பது திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் தரும் உரிமையாகும். குடும்பத்தைப் பராமரிக்கும் பொறுப்பு கணவன்மீதே சுமத்தப்பட்டுள்ளது. மனைவி மனமுவந்து தருவது அவளுடைய பெருந்தன்மை. சட்டப்படி அது அன்பளிப்பு. ஆகவே, "குடும்பச் செலவுக்கு நான் தந்தது" என்று அவள் தானே எழுதினாலன்றி, அவளுடைய பணம் பொதுக் கணக்கில் தோன்றலாகாது என்று கூறினேன். "இப்படி ஒரு பத்தி வைத்தால் வீட்டில் சண்டை வராதா, ஹஸ்ரத்?" என்றார். எழுதாமல் விட்டதனால் வந்த சண்டைகளையே நான் அதிகம் கண்டிருக்கின்றேன் என்று பதில் சொன்னேன். சகோதரிகளே, உங்கள் நகையும் ஊதியமும் எந்தச் செலவுக்குப் போயின என்பதை நீங்களும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். கணவரைச் சந்தேகிப்பதாக எவரும் நினைக்க வேண்டியதில்லை.

ஆண்டு எது?

ஜகாத் பற்றிய பகுதிக்கு வருவோம். இங்கே நாட்காட்டியே ஒரு சிக்கல். ஊதியமும் வாடகையும் ஆங்கில மாதப்படி நடக்கின்றன. ஜகாத்தோ பிறை மாதப்படி கடமையாகின்றது. பிறை ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள். ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வருகின்றது. நம்மில் பலர் "ஒவ்வொரு மார்ச்சிலும் கொடுத்துவிடுவேன்" என்று சொல்வதுண்டு. 33 ஆங்கில ஆண்டுகள் ஏறக்குறைய 34 பிறை ஆண்டுகளுக்குச் சமம். இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்து ஐம்பத்தெட்டில் ஓய்வு பெறுபவர், மார்ச் கணக்கிலேயே கொடுத்து வந்தால் ஓராண்டு ஜகாத் அவரை அறியாமலேயே விடுபட்டுப் போகும். ஆங்கில ஆண்டுக் கணக்கை விட முடியாதவர்கள் 2.5 விழுக்காட்டுக்குப் பதில் ஏறத்தாழ 2.577 விழுக்காடு கணக்கிட வேண்டும் என்பதும் இதனால்தான்.

செயலிக்கு இது சுலபமான வேலை. நிஸாபை எட்டிய பிறை நாளை ஒருமுறை பதிந்துவிட்டால், அடுத்த ஆண்டு அதே பிறை நாளில் அது நினைவூட்டும். நிஸாப் அளவைத் தங்கத்தில் 87.48 கிராம், வெள்ளியில் 612.36 கிராம் என்று கொள்வோர் உளர். 85 கிராம், 595 கிராம் என்று கொள்வோரும் உளர். அன்றைய விலையை வைத்தே அது ரூபாயில் கணக்கிடப்பட வேண்டும். அணியும் நகைக்கு ஹனஃபி மத்ஹபில் ஜகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதிக்கப்பட்ட அளவில் அணியும் நகைக்கு இல்லை. தமிழகத்தில் இரு மத்ஹபினரும் அருகருகே வாழ்கின்றோம். ஒரே வீட்டுக்குள் சம்பந்தமும் செய்கின்றோம். எனவே இதைச் செயலியே தீர்மானிக்காமல், பயனாளரிடம் கேட்டு, ஐயம் இருப்பின் தம் ஊர் ஆலிமிடம் விசாரித்துக் கொள்ளச் சொல்ல வேண்டும்.

இரண்டு இலட்சம் ரூபாய் ஓராண்டு முழுவதும் சேமிப்பில் நின்றால் ஜகாத் 5,000. ரமலானில் துணியும் பலகாரமும் வாங்கும் நெரிசலில் இந்த ஐயாயிரம் சுமையாகத் தெரிகின்றது. மாதம் 417 ரூபாய் என்று பன்னிரண்டு மாதம் ஒதுக்கியவருக்கு அது தெரிவதே இல்லை. ரமலானும் நகர்ந்து கொண்டே இருப்பதை மறந்துவிடக்கூடாது. 2017இல் அது பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டி வந்தது. 2025இல் மார்ச்சில் வந்தது. 2030ஆம் ஆண்டிலோ ஜனவரியில் ஒரு ரமலானும் டிசம்பர் இறுதியில் மற்றொரு ரமலானும் தொடங்கும். "ஆண்டுக்கு ஒரு ரமலான் செலவு" என்று எழுதி வைக்கும் செயலி அவ்வாண்டில் தவறிவிடும் என்று சொன்னபோது, மாணவர் உடனே தம் குறிப்பேட்டில் அதை அடிக்கோடிட்டுக் கொண்டார்.

கடன் பக்கம்

திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று மாணவர்களிடம் நான் கேட்பதுண்டு. தொழுகை என்பர் சிலர். ஹஜ் என்பர் சிலர். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே அது. கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையுடன் எழுதி வைக்க வேண்டும், சாட்சிகளை ஏற்படுத்த வேண்டும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையக் கூடாது என்பன அதில் அடங்கிய கட்டளைகள். எழுத்தறிந்தோர் குறைவாக இருந்த ஒரு சமுதாயத்திற்கு இவ்வளவு விரிவாக அது அருளப்பட்டது. எழுதுகருவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கும் நாம் எழுதாமல் இருக்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மஹல்லாவில் நாற்பது வயதைக்கூட எட்டாத ஒருவர் திடீரென வஃபாத்தானார். தனியார் அலுவலகம் ஒன்றில் நல்ல ஊதியத்தில் இருந்தவர். ஜனாஸாத் தொழுகைக்கு முன், "மர்ஹூம் யாருக்கேனும் கடன் தர வேண்டியிருந்தால் வாரிசுகளை அணுகவும்" என்று வழக்கம்போல் அறிவிக்கப்பட்டது. மூன்று பேர் வந்தனர். ஒருவரிடம் மட்டுமே எழுத்து இருந்தது. மற்றவற்றை உறுதி செய்ய அவருடைய கைப்பேசியைப் பார்க்கலாம் என்றால், அது அவருடைய விரல் ரேகைக்கே திறக்கும். மனைவிக்கு எண் தெரியவில்லை. முதிய தந்தை, "என் மகன் கடனோடு கிடக்க வேண்டாம்" என்று கூறி, மூவர் சொன்னதையும் ஏற்றுக் கொண்டு தம் தோட்டத்தில் ஒரு பகுதியை விற்று அடைத்தார். ஏழெட்டு மாதம் கழித்து வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, "அவரிடம் நான் அறுபதாயிரம் வாங்கியிருந்தேன்" என்று சொல்லி, அந்தப் பணத்தை அப்பெண்ணின் வீட்டில் கொடுத்துச் சென்றார். அல்லாஹ்வை அஞ்சிய மனிதர் அவர். அஞ்சாதவராக இருந்திருந்தால், இரண்டு எத்தீம் பிள்ளைகளின் அறுபதாயிரம் எவருக்கும் தெரியாமல் மறைந்திருக்கும். அப்படி மறைந்தவை வேறு உண்டா என்பது அல்லாஹ் ஒருவனுக்கே வெளிச்சம்.

நபி (ஸல்) அவர்களிடம் ஒரு ஜனாஸா கொண்டு வரப்பட்டபோது, அவருக்குக் கடன் உண்டா என்று கேட்டார்கள். மூன்று தீனார் கடன் இருந்தது. அதை அடைக்க அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுகை நடத்துங்கள் என்று கூறிவிட்டார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் பொறுப்பேற்ற பின்னரே தொழவைத்தார்கள். மூன்று தீனாருக்கே அந்நிலை என்றால், நமக்குள்ள கடன் எத்தனை என்பதை நம் வீட்டாராவது அறிந்திருக்க வேண்டாமா?

இந்நிகழ்ச்சியைச் சொன்ன இரவில்தான் செயலியின் கடன் பக்கம் உருவாயிற்று. கொடுத்தவர் ஒரு கடனைப் பதிந்தால், வாங்கியவரின் கைப்பேசிக்கும் அச்செய்தி செல்லும். அவர் "ஆம்" என்று ஒப்புக் கொண்டால்தான் பதிவு முழுமையாகும். இரு சாட்சிகளின் பெயரை எழுதவும் இடம் உண்டு. மாதத்திற்கு ஒருமுறை அந்தப் பக்கத்தை மட்டும் தாளில் அச்சிட்டு அலமாரியில் வைக்கலாம்; அல்லது நம்பிக்கைக்குரிய ஒருவர் பார்க்கும்படி அனுமதி தரலாம். சொத்தைப் பங்கு வைப்பதற்கு முன்பே கடன் அடைக்கப்பட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். அந்தச் சட்டத்தை வாரிசுகள் நிறைவேற்றத் தேவையானது இந்த ஒரு தாள்.

யாருடைய செலவில்?

இறுதியாக ஒன்று கேட்டேன். "இதை இலவசமாகத் தருவீர்களா?" ஆம் என்றார். "அப்படியானால் உங்கள் பிழைப்பு எப்படி?" என்றேன். அங்கேதான் அவர் தயங்கினார்.

அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய மின்ட் என்னும் இலவச வரவு செலவுச் செயலி பெரும் புகழ் பெற்றது. கடன் அட்டை போன்றவற்றைப் பரிந்துரைப்பதன் மூலம் அது வருமானம் ஈட்டியது. 2009இல் இன்டூயிட் நிறுவனம் 17 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2024 மார்ச்சில் மூடியது. பல ஆண்டுகள் அதில் கணக்கு எழுதியோர் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. இதில் இரண்டு படிப்பினைகள் உள்ளன. எழுதிய கணக்கை எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்துக் கொள்ள வழி வேண்டும் என்பது ஒன்று. இலவசத்தின் விலையை யார் தருகின்றார் என்று பார்க்க வேண்டும் என்பது மற்றொன்று.

ஒருவருக்கு இருபதாம் தேதியே பணம் தீர்ந்துவிடுகின்றது என்பதை அவருடைய அண்டை வீட்டாரும் அறியமாட்டார்; கணக்குச் செயலி அறியும். அந்த நேரம் பார்த்து "ஐந்து நிமிடத்தில் கடன்" என்று அது காட்டினால், மருந்துக் கடையிலேயே நோயையும் விற்பதற்கு அது ஒப்பாகும். கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களை எடுத்துக் கொண்டு, உறவினர்களையெல்லாம் அழைத்து அவமானப்படுத்திய கடன் செயலிகளின் கொடுமையை நாடே கண்டது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள், கடன் தரும் செயலிகள் தொடர்பு எண்கள், அழைப்பு விவரங்கள் போன்றவற்றை எடுப்பதைத் தடுத்தன. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். நம் பிள்ளைகள் உருவாக்கும் செயலியில் வட்டிக் கடனின் விளம்பரம் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதே நான் வைத்த ஒரே நிபந்தனை. ஆண்டுக்கு ஒரு சிறு தொகையைப் பயனாளரிடமே நேராகக் கேட்டுப் பெறுவது என்று நண்பர்கள் மூவரும் இப்போது முடிவு செய்துள்ளனர். சிலர் தரமாட்டார்கள்; வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். அதில் பரக்கத்தை அல்லாஹ் தருவானாக.

அன்பர்களே! அந்தச் செயலி வெளிவர இன்னும் காலம் ஆகலாம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பழைய நோட்டின் முதல் தாளில் மூன்று பத்திகள் இடுங்கள். நான் தர வேண்டிய கடன், எனக்கு வர வேண்டிய கடன், நான் நிறைவேற்ற வேண்டிய ஜகாத். ஒவ்வொன்றிலும் பெயரும் தொகையும் தேதியும் எழுதி, உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ பெற்றோரிடமோ காட்டிக் கையொப்பம் இடுங்கள். எந்த அலமாரியில் எந்த அடுக்கில் அது இருக்கின்றது என்பதையும் சொல்லி வையுங்கள். ஆகும் நேரம் கால் மணிக்கு மேல் இராது. இன்றிரவே அதைச் செய்ய அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக.